இரண்டாம் உலகப் போர் எங்கெங்கே திரும்பியது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி (1939–1945) பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். எல்லாச் சண்டைகளும் இதில் இல்லை. போரின் போக்கு மாறிய இடங்கள் மட்டும்தான்.

ஒரே ஒரு திருப்புமுனையைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

1941 டிசம்பரின் முதல் பதினோரு நாட்களைச் சொல்வேன். ஒரு சண்டையின் பெயரை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். டிசம்பர் 5 அன்று மாஸ்கோவுக்கு வெளியே சோவியத் படை திருப்பி அடிக்க ஆரம்பித்தது. டிசம்பர் 7 அன்று ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. டிசம்பர் 11 அன்று, யாரும் கட்டாயப்படுத்தாமலே, ஹிட்லர் அமெரிக்கா மீது போர் அறிவித்தார். அதற்கு முன்பு வரை ஐரோப்பாவில் ஒரு போர், சீனாவில் வேறொரு போர் என்று தனித்தனியாக நடந்துகொண்டிருந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பேரரசு, சோவியத் யூனியன், அமெரிக்கா மூன்றும் ஒரே பக்கம். இந்த மூன்றின் ஆலைகளையும் எண்ணெயையும் ஆள்பலத்தையும் கூட்டினால் ஜெர்மனியும் ஜப்பானும் சேர்ந்தும் நெருங்க முடியாது.

ஆனால் கணக்கில் தோற்பது வேறு, களத்தில் தோற்பது வேறு. 1942 கோடையில்கூட அடுத்த சண்டை எங்கே, எப்போது என்பதை ஜெர்மனியும் ஜப்பானும்தான் முடிவு செய்தன. 1943 கோடைக்குப் பிறகு அந்த முடிவு அவர்கள் கையில் இல்லை. போர் இந்த இரண்டுக்கும் நடுவில் திரும்பியது. கீழே வரும் பதில்களில் ஒவ்வொரு சண்டையையும் நான் எடை போடுவது இதை வைத்துத்தான்: அந்தச் சண்டை முடிந்தபோது, அடுத்த அடியை யார் எடுத்து வைக்க முடிந்தது?

பிரான்ஸ் மாதிரி ஒரு பெரிய நாடு 1940இல் ஆறே வாரத்தில் விழுந்தது எப்படி? ஜெர்மனியிடம் அவ்வளவு டாங்கிகள் இருந்தனவா?

இல்லை. டாங்கிகளின் எண்ணிக்கை பிரான்ஸ், பிரிட்டன் பக்கம்தான் கூடுதல், சில பிரெஞ்சு டாங்கிகளின் இரும்புக் கவசத்தை ஜெர்மன் பீரங்கிகளால் துளைக்கவே முடியவில்லை. வித்தியாசம் பயன்படுத்திய விதத்தில் இருந்தது. ஜெர்மனி டாங்கிகளை ஒரே இடத்தில் குவித்தது, எல்லாவற்றிலும் ரேடியோ வைத்தது, மேலே விமானங்களைத் துணைக்கு அனுப்பியது. பிரெஞ்சுத் தளபதிகள் தங்களுடைய சிறந்த படைகளை பெல்ஜியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள், ஏனென்றால் 1914இல் எதிரி அந்த வழியாகத்தான் வந்தான். இந்த முறை முக்கிய அடி அதற்குத் தெற்கே ஆர்டென் காட்டு மலைப் பகுதி வழியாக வந்தது. டாங்கிகள் அந்தக் காட்டைத் தாண்டிச் சீக்கிரம் வர முடியாது என்று நினைத்து அங்கே பலவீனமான படைகளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். மே 10 அன்று தாக்குதல் தொடங்கியது, 13 அன்று செடான் நகரத்தில் மியூஸ் ஆற்றைக் கடந்துவிட்டார்கள், 20 அன்று கடற்கரையையே தொட்டுவிட்டார்கள். வடக்கே போன பிரெஞ்சு, பிரிட்டிஷ், பெல்ஜியப் படைகள் மொத்தமாக மாட்டிக்கொண்டன. ஜூன் 22 அன்று பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது. 1918இல் ஜெர்மனி தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியைத் தேடி எடுத்துவரச் சொல்லி, அதில் வைத்து வாங்கினார் ஹிட்லர்.

அப்படியானால் பிரிட்டன் மட்டும் எப்படித் தப்பித்தது?

முதலில் டன்கர்க் என்ற பிரெஞ்சுக் கடற்கரை நகரம். மே 26 முதல் ஜூன் 4 வரை சுமார் 3,38,000 வீரர்களைக் கப்பலிலும் படகிலும் ஏற்றி மீட்டார்கள். பீரங்கிகளையும் வண்டிகளையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்றாலும், பயிற்சி பெற்ற ஆட்கள் பிழைத்தார்கள்.

அப்புறம் வானம். கரையோரம் முழுக்க ராடார் நிலையங்கள், அவற்றின் தகவலைச் சில நிமிடங்களில் விமானப் படைக்குக் கொண்டு சேர்க்கும் தொலைபேசி வலை, இரண்டையும் பிரிட்டிஷ் போர்விமானப் பிரிவின் தலைவர் ஹியூ டவுடிங் போருக்கு முன்பே கட்டி வைத்திருந்தார். இதனால் எதிரியைத் தேடிக்கொண்டு வானத்திலேயே சுற்ற வேண்டிய அவசியம் பிரிட்டிஷ் விமானிகளுக்கு இல்லாமல் போனது. சுடப்பட்டுக் குதித்த பிரிட்டிஷ் விமானி மறுநாளே வேறு விமானத்தில் ஏறலாம், குதித்த ஜெர்மன் விமானி கைதி. செப்டம்பர் 7 அன்று ஜெர்மனி விமானத் தளங்களை விட்டுவிட்டு லண்டன் மீது குண்டு போடத் திரும்பியது. லண்டன் மக்களுக்கு அது நரகம், ஆனால் திணறிக்கொண்டிருந்த விமானத் தளங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது.

ரஷ்யாவில் ஹிட்லரைத் தோற்கடித்தது குளிர்தானே?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோற்ற ஜெர்மன் தளபதிகள் போருக்குப் பிறகு எழுதியும் பேசியும் பரப்பிய சாக்கு இது. குளிர் இரண்டு பக்கமும் அடித்தது.

1941 ஜூன் 22 அன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் எல்லையைத் தாண்டினார்கள். சில மாதங்களில் சோவியத் ஆட்சி சரிந்துவிடும் என்பதுதான் திட்டமே, அதனால்தான் குளிர்கால உடைகூடப் போதுமான அளவு அனுப்பப்படவில்லை. ஆரம்பத்தில் அந்தக் கணிப்பு பலித்தது போலத்தான் இருந்தது. கீவ் நகரைச் சுற்றி மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் கைதிகளைப் பிடித்ததாக ஜெர்மனி அறிவித்தது. ஆனால் ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் சிக்கல் கூடிக்கொண்டே போனது. சோவியத் ரயில் பாதை அகலமானது, ஜெர்மன் ரயில்கள் அதில் ஓடாது, பாதையை மாற்றி அமைத்துக்கொண்டே போக வேண்டும். அக்டோபர் மழையில் மண் சாலைகள் சேறாகி லாரிகள் அச்சு வரை புதைந்தன. குளிரின் உச்சம் வருவதற்கு முன்பே, நவம்பர் கடைசிக்குள், இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை ஜெர்மன் படை இழந்துவிட்டது. அத்தனை பேருக்கு மாற்று ஆள் அவர்களிடம் இல்லை.

மறு பக்கத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான பெரிய ஆலைகளைப் பெயர்த்து, ரயிலில் ஏற்றி, யூரல் மலைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய், கூரைகூடச் சரியாகப் போடாத இடங்களில் இயந்திரங்களை ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள் சோவியத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும் பகுதி பெண்களும் சிறுவர்களும். இந்தப் போரின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாக இதை வைப்பேன், ஆனால் இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதே இல்லை. டிசம்பர் 5 அன்று சோவியத் தளபதி ஜூக்கோவின் படை திருப்பி அடித்தபோது, சைபீரியாவிலிருந்தும் பிற உள்பகுதிகளிலிருந்தும் வந்த புதுப் படைகள் அதில் இருந்தன. ஜெர்மனி மாஸ்கோவை அதற்குப் பிறகு ஒருபோதும் நெருங்கவில்லை.

அமெரிக்கா பெரிய நாடு என்று தெரிந்தும் ஜப்பான் ஏன் போய் இடித்தது?

எண்ணெய்க்காக. 1937 முதல் ஜப்பான் சீனாவில் முடிவே தெரியாத ஒரு போரில் சிக்கியிருந்தது. அதற்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் படையை இறக்கியதும் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது, எண்ணெய் நின்றது. சீனாவை விட்டு வெளியேறு, அல்லது எண்ணெய் இருக்கும் இடத்தைப் பிடி என்ற நிலை. எண்ணெய் இருந்த இடம் டச்சுக்காரர்களிடம் இருந்த சுமத்ராவும் போர்னியோவும். அங்கே போகும் வழியில் பிலிப்பைன்ஸில் அமெரிக்கா, மலாயாவில் பிரிட்டன். ஆறு மாதம் அமெரிக்கக் கடற்படையை முடக்கிவிட்டால் அதற்குள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு பேரம் பேசலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

பேர்ல் ஹார்பரில் 2,403 பேர் இறந்தார்கள், எட்டு போர்க்கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. ஆனால் விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்தில் இல்லை. எண்ணெய்த் தொட்டிகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் அப்படியே தப்பின. அடிபட்ட எட்டில் ஆறு கப்பல்கள் பிறகு பழுது நீக்கப்பட்டுத் திரும்பவும் வந்தன. பட்டறைகள் தப்பியதன் பலன் ஆறே மாதத்தில் மிட்வேயில் தெரிந்தது.

சிங்கப்பூர் விழுந்தது போரின் திருப்புமுனையா?

ராணுவக் கணக்கில் பார்த்தால் இல்லை, ஜப்பானை நிறுத்தியதும் அங்கே இல்லை, வளர்த்ததும் அங்கே மட்டும் இல்லை. ஆனால் ஆசியாவின் வரலாற்றுக்கு அது பெரிய திருப்புமுனை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல், தன்னைவிடச் சிறிய படையோடு வந்த ஜப்பானியத் தளபதி யமஷிடாவிடம் சரணடைந்தார். சிங்கப்பூரில் மட்டும் சுமார் 80,000 பேர் கைதானார்கள், அதில் பாதிக்கு மேல் இந்தியச் சிப்பாய்கள். வெள்ளைக்காரன் தோற்க மாட்டான் என்று ஒரு நூற்றாண்டாக இருந்த நம்பிக்கை ஒரு வாரத்தில் போனது, போனது திரும்பவே இல்லை.

நம் ஆட்கள் இதற்குள் நேரடியாக இருந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர்கள் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, காடு, காலரா, மலேரியா, பட்டினி. அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல், அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இறந்த தமிழ், மலாய், பர்மியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தப் போரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும் இடம் இது. அதே தோட்டங்களிலிருந்துதான் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணி படைப்பிரிவு அமைந்தபோது அதில் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள் ஏராளம்.

சிங்கப்பூரைத் தொடர்ந்து ரங்கூனும் போனது. ஏப்ரல் 5 அன்று, ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பு மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் ஊரே காலியானது, அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். பர்மா போனதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதோடு விலையேற்றமும், படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்திய அரசின் முடிவுகளும், உதவி அனுப்ப லண்டன் காட்டிய அலட்சியமும் சேர்ந்து 1943இல் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேரைப் பட்டினியிலும் நோயிலும் கொன்றன.

மிட்வேயில் அமெரிக்கா ஜெயித்தது அதிர்ஷ்டத்தாலா?

அதிர்ஷ்டமும் இருந்தது, ஆனால் அது வேலை செய்யும் இடத்தில் கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்தியது உழைப்பு.

ஹவாயில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் என்பவரின் குழு ஜப்பானியக் கடற்படையின் சங்கேதச் செய்திகளைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டிருந்தது. 'ஏஎஃப்' என்ற இடத்தைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது, அது எந்த இடம் என்று உறுதியாகத் தெரியவில்லை. பசிபிக் கடலில் அமெரிக்கத் தளம் இருந்த மிட்வே தீவில் குடிநீர் இயந்திரம் பழுது என்று ஒரு பொய்ச் செய்தியை மறைக்காமல் ரேடியோவில் அனுப்பச் சொன்னார்கள். சீக்கிரமே 'ஏஎஃப்பில் நன்னீர் தட்டுப்பாடு' என்று ஜப்பானியச் செய்தி ஒன்று போனது. சரி, இடம் உறுதி. அட்மிரல் நிமிட்ஸ் தன்னிடம் இருந்த மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களையும் அங்கே அனுப்பினார். அதில் யார்க்டவுன் பவளக் கடல் சண்டையில் அடிபட்டு வந்த கப்பல். மூன்று மாத வேலை இருக்கிறது என்று மதிப்பிட்டதை, பேர்ல் ஹார்பர் பட்டறைத் தொழிலாளர்கள் மூன்றே நாளில் ஓரளவு ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் இரவு பகலாக உழைத்த மெக்கானிக்குகளும் வெல்டர்களும் இந்த வெற்றியில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

1942 ஜூன் 4 காலை, தாழப் பறந்து வந்த அமெரிக்க டார்பிடோ விமானங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. ஹார்னெட் கப்பலிலிருந்து கிளம்பிய ஒரு பிரிவில் பதினைந்து விமானங்களும் போயின, முப்பது பேரில் ஒருவர்தான் பிழைத்தார். ஆனால் அவர்களை விரட்டிக்கொண்டு ஜப்பானியப் பாதுகாப்பு விமானங்கள் கீழே வந்திருந்த நேரத்தில், மேலே இரண்டு திசைகளிலிருந்து டைவ் குண்டுவீச்சு விமானங்கள் வந்து சேர்ந்தன. எரிபொருள் தீரும் நிலையிலும் தேடுவதை விடாமல், தனியாக வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜப்பானியக் கப்பலின் போக்கைப் பார்த்து அதே திசையில் தன் பிரிவைத் திருப்பினார் அமெரிக்க விமானப் பிரிவுத் தலைவர் மெக்ளஸ்கி. காலை 10.20 தாண்டிய சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு என்ற ஜப்பானிய விமானந்தாங்கிகள் மூன்றும் எரிந்தன. அன்று மாலை ஹிர்யுவும். யார்க்டவுனை அமெரிக்கா இழந்தது.

இந்த நான்கில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டு மாதம் முன்பு இலங்கையைத் தாக்க வந்த அதே கப்பல்கள். நம் கடலில் ஜப்பான் அப்படியொரு படையோடு திரும்ப வராததற்கு மிட்வே ஒரு காரணம்.

ஒரு திருத்தம்: மிட்வேயில் ஜப்பான் தன்னுடைய சிறந்த விமானிகளையெல்லாம் இழந்தது என்று எழுதுகிறார்கள். அங்கே இறந்த விமானப் பணியாளர்கள் சுமார் 110 பேர்தான். விமானிகளை அதைவிடப் பெரிய அளவில் அரைத்தது அதற்குப் பிறகு வந்த குவாடல்கனால் போன்ற சாலமன் தீவுச் சண்டைகள். கப்பல் இழப்புதான் ஈடு செய்ய முடியாதது. போர் முடிவதற்குள் அமெரிக்கா எஸ்ஸெக்ஸ் வகைப் பெரிய விமானந்தாங்கிகள் ஒரு டஜனுக்கு மேல் கட்டி இறக்கியது, ஜப்பானால் அந்த வேகத்தைக் கனவிலும் தொட முடியவில்லை.

ஸ்டாலின்கிராட் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? ஒரு நகரம்தானே?

ஹிட்லருக்கும் முதலில் அது ஒரு நகரம்தான். 1942 கோடையின் இலக்கு காகசஸ் எண்ணெய், அதாவது மைக்கோப், குரோஸ்னி, பாக்கு. வோல்கா ஆற்றங்கரையில் இருந்த ஸ்டாலின்கிராட் அந்தப் படையின் பக்கவாட்டைக் காக்கும் இடம், ஆற்றுப் போக்குவரத்தை அறுக்கும் இடம். படையை இரண்டாகப் பிரித்து எண்ணெய்க்கும் நகரத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார். இரண்டுமே கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 23 குண்டுவீச்சில் நகரம் இடிந்து குவியலானது. அந்த இடிபாடுதான் தாக்க வந்தவர்களுக்கு எதிரியானது. டாங்கி போக வழியில்லை, விமானம் குண்டு போட்டால் சொந்த ஆட்கள் மீதே விழும் அளவுக்கு சோவியத் வீரர்கள் ஒட்டி நின்று சண்டை போட வேண்டும் என்று சுய்கோவ் தன் 62ஆவது படைக்குச் சொல்லியிருந்தார். தானியக் கிடங்கு, டிராக்டர் ஆலை, மமாயேவ் குன்று என்று ஒவ்வொன்றும் கை மாறிக்கொண்டே இருந்தது. சில இடங்களில் ஆற்றுக்கு முன்னால் சில நூறு மீட்டர்தான் சோவியத் கையில் மிஞ்சியது.

இதற்குள் ஜூக்கோவும் வசிலெவ்ஸ்கியும் நகரத்துக்குப் போதுமான அளவு மட்டும் ஆட்களை அனுப்பிக்கொண்டு, பத்து லட்சம் பேருக்கு மேல் வடக்கிலும் தெற்கிலும் ரகசியமாகக் குவித்தார்கள். நவம்பர் 19 அன்று அடி விழுந்தது, அதுவும் ஜெர்மன் படை மீது இல்லை, பக்கவாட்டைக் காத்த ருமேனியப் படைகள் மீது. டாங்கியைத் தடுக்கும் பீரங்கிகள் அவர்களிடம் போதவில்லை, இதை அவர்களுடைய தளபதிகள் முன்பே சொல்லியும் பார்த்திருந்தார்கள். நான்கே நாளில், 23ஆம் தேதி, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த இரண்டு சோவியத் கரங்களும் கலாச் என்ற ஊர்ப் பக்கத்தில் சேர்ந்தன. வளையத்துக்குள் மாட்டியவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

விமானத்தில் உணவும் குண்டும் அனுப்புகிறேன் என்று ஜெர்மன் விமானப் படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். தினமும் 500 டன் வேண்டும், சராசரியாகப் போய்ச் சேர்ந்தது 100 டன் சுற்றி. டிசம்பரில் ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் மீட்க வந்த முயற்சியும் பாதியில் நின்றது. ஜனவரி 30 அன்று மாட்டிக்கொண்ட படையின் தளபதி பவுலஸை ஹிட்லர் ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார், எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் உயிரோடு பிடிபட்டதில்லை என்பதுதான் அந்தப் பதவி உயர்வின் அர்த்தம். மறுநாளே பவுலஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2 அன்று எல்லாம் முடிந்தது. பிடிபட்ட சுமார் 91,000 பேரில் வீடு திரும்பியவர்கள் ஐந்து, ஆறாயிரம் பேர்தான். சோவியத் பக்கம் இறந்தவர்கள் ஏறக்குறைய நான்கு லட்சத்து எண்பதாயிரம்.

நான் வைத்த அளவுகோலில் இது தெளிவாகத் தேறுகிறது. இதற்குப் பிறகு ஜெர்மனி கிழக்கில் ஒரே ஒரு பெரிய தாக்குதலைத்தான் தானாகத் தொடங்கியது. அது குர்ஸ்க்.

அந்த குர்ஸ்க்?

1943 ஜூலை 5. புது டாங்கிகளுக்காகக் காத்திருந்து ஹிட்லர் மாதக் கணக்கில் தள்ளிப் போட்டார், அதற்குள் சோவியத் பக்கம் அகழி மேல் அகழி வெட்டி லட்சக் கணக்கில் கண்ணிவெடி புதைத்துவிட்டது. ஒரு வாரம் தாண்டியதும் ஹிட்லரே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஜூலை 10 அன்று நேச நாடுகள் சிசிலியில் இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். அதன் பிறகு கிழக்கில் ஜெர்மனிக்குப் பின்வாங்குவது மட்டும்தான் வேலை.

எல் அலமைனை ஏன் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்?

ஆங்கிலேயர்கள் விடுவதே இல்லை! 1942 அக்டோபர், நவம்பரில் எகிப்துப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமெரி ஜெர்மன் தளபதி ரோம்மலைத் தோற்கடித்தார், 4ஆவது இந்திய டிவிஷனும் அந்தச் சண்டையில் இருந்தது. சூயஸ் கால்வாய் தப்பியது. முக்கியமான வெற்றிதான், ஆனால் அங்கே இருந்த ஜெர்மன் டிவிஷன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதே நேரம் ரஷ்யாவில் நூற்றுக்கும் மேல்.

அட்லாண்டிக் கடல் சண்டை என்று ஒன்று உண்டா? எப்போது நடந்தது?

முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை நடந்தது, அதனால்தான் அதற்கு ஒரு தேதி மனதில் நிற்பதில்லை. பிரிட்டன் சாப்பிடுவதும் எரிப்பதும் கப்பலில் வர வேண்டும். அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் கூட்டமாக வேட்டையாடின. அவற்றுக்குப் போகும் கட்டளைகள் எனிக்மா இயந்திரத்தில் சங்கேதமாக்கப்பட்டவை. பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கும் மற்றவர்களும் அதை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் 1942 பிப்ரவரியில் ஜெர்மன் கடற்படை இயந்திரத்தில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்ததும் சுமார் பத்து மாதம் கண்ணைக் கட்டியது போல் ஆகிவிட்டது.

அக்டோபர் 30 அன்று கிழக்கு மத்தியதரைக் கடலில் யு-559 என்ற நீர்மூழ்கி அடிபட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து ஃபாசன் என்ற அதிகாரியும் கிரேசியர் என்ற மாலுமியும் நீந்திப் போய் உள்ளே இறங்கினார்கள், கப்பல் கேண்டீனில் வேலை பார்த்த பதினாறு வயது டாமி பிரவுனும் கூடப் போனான். குறியீட்டுப் புத்தகங்களை மேலே எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி உள்ளே இறங்கிய ஃபாசனும் கிரேசியரும் நீர்மூழ்கியோடு மூழ்கிப் போனார்கள். அந்தப் புத்தகங்களின் உதவியோடு டிசம்பரில் சங்கேதம் மறுபடி உடைந்தது. எத்தனை கப்பல்கள், எத்தனை மாலுமிகள் இதனால் பிழைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1943 மே மாதத்தில் எல்லாம் சேர்ந்து வந்தது: நீண்ட தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், சிறிய துணை விமானந்தாங்கிகள், இருட்டிலும் நீர்மூழ்கியைக் காட்டும் புது ராடார். அந்த ஒரே மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை ஜெர்மனி இழந்தது. இறந்தவர்களில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸின் மகனும் ஒருவர். மே 24 அன்று டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து நீர்மூழ்கிகளை விலக்கினார். பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் பிறகு இறங்கத் தேவையான ஆட்களும் பொருளும் கடலைத் தாண்ட வழி திறந்தது அப்போதுதான்.

அமெரிக்க உதவி இல்லாமல் ரஷ்யா ஜெயித்திருக்குமா?

மாஸ்கோவையும் ஸ்டாலின்கிராட்டையும் பெரும்பாலும் சொந்த பலத்தில்தான் காத்தார்கள், ஏனென்றால் உதவியின் பெரும் பகுதி 1943க்குப் பிறகு வந்தது. ஆனால் சுமார் நான்கு லட்சம் லாரிகளும் ஜீப்புகளும், ரயில் எஞ்சின்களும், டின் இறைச்சியும், உயர்தர விமான எரிபொருளும் வராமல் இருந்தால் பெர்லினுக்கு அந்த வேகத்தில் போயிருக்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நார்மண்டி தரையிறக்கம்தானே போரை முடித்தது?

1944 ஜூன் 6 அன்று ஒரே நாளில் சுமார் 1,56,000 பேரை ஐந்து கடற்கரைகளிலும் வானிலிருந்தும் இறக்கினார்கள். ஜூன் 5 என்று முடிவு செய்திருந்ததை வானிலை அதிகாரி ஸ்டாக் சொன்னதைக் கேட்டு நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஐசனோவர் ஒரு நாள் தள்ளினார். உண்மையான தாக்குதல் கலே என்ற வேறொரு பிரெஞ்சுக் கரையில்தான் வரப்போகிறது என்று ஜெர்மனியை நம்ப வைக்க இல்லாத படை ஒன்றையே உருவாக்கிக் காட்டினார்கள், இறங்கி வாரக் கணக்கில் ஆன பிறகும் அந்தப் பொய் வேலை செய்தது. எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் அதே ஜூன் 22, 23இல் பெலாரஸில் தொடங்கிய பக்ரதியோன் என்ற சோவியத் தாக்குதலைப் பற்றிப் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை. ஜெர்மனியின் மத்தியப் படைத் தொகுதியே சிதறியது, ஜூலை 3 அன்று மின்ஸ்க் மீண்டது, இரண்டு மாதத்தில் ஏறக்குறைய நான்கு லட்சம் ஆட்களை ஜெர்மனி இழந்தது. ஜூலை 17 அன்று சுமார் 57,000 ஜெர்மன் கைதிகளை மாஸ்கோ தெருக்களில் நடத்திக் கூட்டிப்போனார்கள். மேற்கில் இறங்கியவர்களை ஜெர்மனி தள்ளிவிட முடியாததற்கு இது காரணம், கிழக்குக்கு ஆள் அனுப்ப முடியாததற்கு நார்மண்டி காரணம். ஒன்றை மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இந்திய மண்ணில் ஏதாவது திருப்புமுனை நடந்ததா?

நடந்தது. 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி சுமார் 85,000 பேரோடு இம்பால், கொஹிமா மீது படையெடுத்தார், இந்திய தேசிய ராணுவமும் கூட வந்தது. கொஹிமாவில் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவிலான காவல்படை, பதினைந்தாயிரம் பேரைத் தாங்கி நின்றது. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அகழி வெட்டி, குண்டு எறியும் தூரத்தில் வாரக் கணக்கில் சண்டை. இம்பாலுக்கு எல்லாமே விமானத்தில் வந்தது. ஜப்பானியர்கள் எடுத்து வந்த உணவு மூன்று வாரத்துக்குத்தான், எதிரியின் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிடலாம் என்பது திட்டம், பிடிக்க முடியவில்லை. கொஹிமாவில் இருந்த ஜப்பானியத் தளபதி சாத்தோ மேலிட உத்தரவை மீறித் தன் ஆட்களைத் திருப்பிக் கூட்டிப்போனார். மழையிலும் பசியிலும் நோயிலும் திரும்பும் வழியெல்லாம் இறந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கும் மேல் இறந்தோ காயம்பட்டோ போனார்கள். அதன் பிறகு பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் 14ஆவது படை, பெரும்பாலும் இந்தியர்கள், பர்மாவை மீட்டது.

இரண்டு பக்கமும் இந்தியர்கள் இருந்த சண்டை இது. யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. விடுதலைக்காக அந்தப் பக்கம் போனவர்களையும், ஊரில் பிழைப்புக்காகவோ கடமைக்காகவோ இந்தப் பக்கம் நின்றவர்களையும் எதிரெதிரே வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1943லேயே போர் திரும்பிவிட்டது என்றால் 1945 வரை ஏன் இழுத்தது?

தோற்றுப்போனது தெரிந்தும் நிறுத்தாத ஆட்சி என்பதால். நிபந்தனையற்ற சரணாகதிதான் வேண்டும் என்று 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் ரூஸ்வெல்ட் அறிவித்திருந்தார், ஹிட்லரோ பேச்சுக்கே தயாராக இல்லை. 1944 ஜூலை 20 அன்று சொந்த அதிகாரிகளே அவரைக் கொல்ல வைத்த குண்டும் தவறியது. போர் முழுவதும் இறந்த ஜெர்மன் வீரர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கடைசிப் பத்து மாதங்களில் இறந்தவர்கள். ஹங்கேரியின் யூதர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் ரயில் ரயிலாக அனுப்பினார்கள், பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. ஸ்டாலின்கிராட் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஜப்பானைச் சரணடைய வைத்தது அணுகுண்டா, ரஷ்யாவா?

1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. 8ஆம் தேதி இரவு சோவியத் போர் அறிவிப்பு, 9ஆம் தேதி அதிகாலையில் மஞ்சூரியாவுக்குள் படை, அதே நாள் முற்பகல் நாகசாகி. இவ்வளவு நெருக்கமாக நடந்ததைப் பிரித்து இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே நீர்மூழ்கிகளும் கண்ணிகளும் ஜப்பானின் சரக்குக் கப்பல்களை அழித்து நாட்டைப் பட்டினி போட்டிருந்தன, மார்ச் 9–10 இரவில் டோக்கியோவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் தீக்குண்டுகளில் இறந்திருந்தார்கள். அப்போதும் ஜப்பானியத் தலைமையில் பாதிப் பேர், சோவியத் நடுவராக வந்து நல்ல நிபந்தனை வாங்கித் தரும் என்று காத்திருந்தார்கள். சோவியத் எதிரியானதும் அந்த வழி அடைபட்டது, குண்டு வந்ததும் இறங்கும் படையோடு கடற்கரையில் ஒரு கடைசிச் சண்டை போடலாம் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. அப்படியும் நாகசாகிக்குப் பிறகு நடந்த கூட்டத்தில், போரை நடத்திய உயர்மட்டக் குழுவின் ஆறு பேரும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். பேரரசர் தலையிட்டுத்தான் முடிவானது. 14ஆம் தேதி இரவு, சரணாகதி உரை பதிவான இசைத்தட்டைத் தேடி சில ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள்ளேயே புகுந்தார்கள், கிடைக்கவில்லை. 15ஆம் தேதி நண்பகலில் அந்த உரை ஒலிபரப்பானது, செப்டம்பர் 2 அன்று மிசௌரி கப்பலில் கையெழுத்தானது.